வலப்பக்க இருக்கை

ஒரு நல்ல ஒலிக்கருவிக்கு முன்னால் சரியான இடத்தில் அமர்ந்துவிட்டால், பாடுகிறவர் ஒலிபெருக்கிகளை விட்டு வெளியே வந்துவிடுவார். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, எதுவும் வைக்கப்படாத வெற்றிடத்தில், குரல் ஆள்போல நிற்கும். கல்லூரியில் பௌதிகவியல் கற்பித்த காலத்தில் இதற்கான காரணத்தைப் பலமுறை பலகையில் எழுதியிருக்கிறேன். இரு செவிகளுக்கும் ஒரே கணத்தில், ஒரே அளவில் வந்துசேரும் ஒலியை மூளை நடுவில் நிறுத்திக்கொள்கிறது. ஒரு பக்கம் சற்று முந்தினால் குரல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அவ்வளவுதான். ஆயினும் கண்களை மூடிக் கேட்கும்போது, அறையில் இன்னொருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தை அந்த விளக்கத்தால் ஒருபோதும் அகற்ற முடிந்ததில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்த மூவர் மொன்றியலில் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம். பெரியவர் என்று நாங்கள் அழைக்கும் மூத்தவர் திருகோணமலைக்காரர். லாசாலில் ஓர் அடுக்குமாடி வீட்டில், வால்வுகள் செந்நிறமாய் ஒளிரும் பழைய அம்ப்ளிபயர் ஒன்றோடும் சுவர் நிறைந்த இசைத்தட்டுகளோடும் தனியே வாழ்கிறார். இளையவர் என்று நாங்கள் சொல்பவருக்கும் ஐம்பது வயதாகிவிட்டது. சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர், வீடு கர்க்லாண்டில். தம் காரின் கதவுகளுக்குள்ளும் இருக்கைகளுக்கு அடியிலும் ஒலிபெருக்கிகளைப் பதித்து, அத்தனையையும் கணினியால் ஆள்கிறவர். வீடா காரா, பழையதா புதியதா என்ற வழக்கு அவர்கள் இருவருக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நடந்துவந்தது. நான் நீதிபதி என்று பெயர். உண்மையில் எனக்கும் ஒரு கட்சி இருந்தது.

என் கட்சி, என் மனைவியின் கார்.

அது ஒரு சாதாரணச் சிறிய கார். பத்து ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்த வானொலி பழுதானபோது, இளையவர் மலிவு விலையில் திரையுள்ள ஒரு பாட்டுச் செற் வாங்கிவந்து பொருத்திப் பூட்டிக் கொடுத்தார். ஒலிபெருக்கிகள் காரோடு பிறந்தவை. அப்படியிருந்தும் நான் அமரும் வலப்பக்க இருக்கையில், முன்கண்ணாடியின் சரி நடுவே குரல் நின்றது. எத்தனையோ பணம் கொட்டிய இடங்களிலும் நான் அப்படிக் கேட்டதில்லை. இதை ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லுவேன், இருவரும் சிரிப்பார்கள். அவர்கள் அந்தக் காரில் ஏறிய வேளைகளில் பின்னால்தான் அமர்ந்தார்கள். முன் இருக்கைகள் இரண்டும் எங்கள் இருவருக்கும் உரியவை.

சாரதி அனுமதிப்பத்திரம் எனக்கும் இருந்தது. ஓட்டும் பழக்கம் அவளிடம் இருந்தது. குளிர்காலப் பிற்பகல்களில், அவள் வேலைசெய்த கார்டரியின், குழந்தைகள் காப்பகத்தின், வாசலில் நான் காத்திருப்பேன். சேர்ந்து வீடு திரும்புவோம். நாலரை மணிக்கே இருட்டிவிடும் மாதங்கள் அவை. முன்விளக்கின் ஒளிக்குள் பனித்துகள்கள் எதிரே வந்து இருபுறமும் பிரிந்துபோகும். அவை பிரிகிற அந்த இடத்தில்தான் பாட்டுக்காரி நிற்பார். பனி அவரைத் தொடாமல் ஒதுங்கிப் போவதாக எனக்குத் தோன்றும். வைப்பர்கள் அவரைக் கடந்து போய்வரும், அவர் கலையமாட்டார். வீதி எங்களுக்கு அடியில் ஓடியதா, நாங்கள் அசையாமல் இருக்க நகரம் ஒரு கனவைப்போல எங்களைத் தாண்டிப் போனதா என்பது சில வேளைகளில் தெளிவாக இருக்காது.

சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது அவள் கையை நீட்டிச் செற்றில் எதையோ விரலால் அமத்துவாள்.

"இஞ்சாருங்கோ, பாட்டுக்காரி இப்ப எங்கை நிக்கிறா?"

"கொஞ்சம் வலப்பக்கமா."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இஞ்சாலை வரவேணும். ஓம், நடுவிலை."

"அவவை அசைய வேண்டாமெண்டு சொல்லுங்கோ. பச்சை விழுந்திட்டுது."

என் பைத்தியத்தை அவள் பரிகாசம் செய்கிறாள் என்றே எண்ணினேன். அந்தப் பரிகாசம் எனக்குப் பிடித்திருந்தது. அவள் என்ன அமத்துகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சென்ற நவம்பரில் அவள் காலமானாள். கார் குடியிருப்பின் தரிப்பிடத்திலேயே நின்றது. ஐந்து மாதம் யன்னல் வழியாக அதை ஒரு வெண்ணிற மேடாகப் பார்த்துவந்தேன். பனி உருகத் தொடங்கியபோது முதலில் கூரை தெரிந்தது. பிறகு அவளுடைய பக்கத்துக் கண்ணாடி. விற்பதா, நானே ஓட்டுவதா என்று முடிவெடுக்காமல் இருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இளையவர் பஸ்ஸில் வந்து, அயலவர் ஒருவரின் காரிலிருந்து கம்பி பிடித்து அதைக் கிளப்பினார். "பற்றறி சாகிற நிலையிலை கிடக்கு அண்ணை. வீட்டை கொண்டுபோய் மாத்துவம்" என்றார். பிறகு தயங்கி, "சீற்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளட்டே?" என்று கேட்டார். தலையசைத்தேன். இருக்கை பின்னால் நகரும் ஓசை கேட்டது. நான் என் பக்கத்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்தில் பற்றறிக்குக் கொஞ்சம் சார்ச் ஏறட்டும் என்று அவர் பாட்டுப் போடவில்லை. அப்படியே கர்க்லாண்ட் போனோம்.

அவருடைய கராஜில் பெரியவர் ஏற்கெனவே வந்திருந்தார். அம்ப்ளிபயரையும் இசைத்தட்டுப் பெட்டியையும் அன்று காலையே இளையவர் தம் காரில் ஏற்றி, அம்ப்ளிபயருக்குச் சீற் பெல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரே பாடலை மூன்று இடங்களில் கேட்டு வழக்கை முடித்துவிடுவது என்பது இளையவரின் ஏற்பாடு. என்னை வீட்டை விட்டு வெளியே எடுப்பதற்கு அது ஒரு வழி என்பதை அறிந்துகொண்டேதான் சம்மதித்திருந்தேன்.

முதலில், கராஜிலிருந்த ஒலிபெருக்கிகளோடு பூட்டிய அம்ப்ளிபயர். அந்தச் சீமெந்துத் தரையிலும், சிறிய சூரியன்களைப்போல நான்கு வால்வுகள் எரிய, குரல் வெதுவெதுப்பாக எழுந்துவந்தது. பிறகு இளையவரின் கார். துல்லியம், ஒவ்வொரு மூச்சும் தனித்தனியே. மூன்றாவதாக என் மனைவியின் கார். அது வலப்புறச் சுவரை ஒட்டி நின்றதால் வலக் கதவைத் திறக்க முடியவில்லை. பெரியவர் சாரதி இருக்கையில் ஏறி அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாட்டின் ஒரு சரணம் முடியும்வரை பொறுத்தார்.

"ஐசே, இதையோ நீர் பத்து வருசமாச் சொன்னனீர்? உம்மட பாட்டுக்காரி கதவுக்குள்ளை ஒளிச்சு நிக்கிறா!"

"கண்ணாடியை இறக்கிவிடுங்கோ பெரியண்ணை, அவவுக்கு மூச்சு முட்டப்போகுது" என்றார் இளையவர்.

"நீர் காதிலை கேக்கிற மெசினைப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதையும்" என்றேன் பெரியவரிடம். "இறங்கும். நான் கேக்கிறன்."

அந்த இருக்கையில் நான் அமர்ந்தது அதுவே முதல்முறை. பெரியவர் சொன்னது சரி. பாட்டுக்காரி முன்கண்ணாடியில் இல்லை. என் இடது முழங்கைக்குப் பக்கத்தில், கதவோரம் நசுங்கிப்போய்ப் பாடிக்கொண்டிருந்தார். வலப்புறம் முழுவதும் வெறுமையாய்க் கிடந்தது. செற் பழுதாகிவிட்டது என்றேன். ஐந்து மாதக் குளிரில் ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

இளையவர் யன்னல் வழியாகக் கையை நுழைத்துத் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். என் மனைவிக்கு வசதியான மொழி என்பதால் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது.

"பழுதில்லை அண்ணை. 'பசாஜே' எண்டு நிக்குது. பக்கத்திலை இருக்கிற ஆளுக்கெண்டு செற் பண்ணிக் கிடக்கு."

"நீர்தானே பூட்டினீர்?"

"நான் பூட்டேக்கை டிரைவர் பக்கம்தான் வச்சனான். எல்லாரும் அப்பிடித்தான் வைக்கிறது. காருக்குள்ளை எப்பவும் இருக்கிறது டிரைவர்தானே." அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். குரல் தணிந்தது. "இஞ்சை பாருங்கோ, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரம் வேறை வேறையாப் போட்டிருக்கு. இது ஒருக்கா அமத்திப்போட்டு விட்டதில்லை. ஆரோ கேட்டுக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா மாத்தினது."

யார் என்று எவரும் கேட்கவில்லை. பெரியவர் அம்ப்ளிபயரின் அருகே போய், எந்தக் குறையும் இல்லாத ஒரு வால்வை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு காரில் வலப்பக்கம் இருப்பவருக்குக் குரல் நடுவில் நிற்க வேண்டுமானால், இடப்பக்கம் இருப்பவருக்கு அது நிற்க முடியாது. ஒருவருக்குச் சரிசெய்வது மற்றவரிடமிருந்து எடுப்பதே. மாணவர்களுக்கு இதைப் படம் வரைந்து விளக்கியவன் நான். மலிவான ஒரு செற்றில், சாரதியல்லாத ஒருவனுக்கு, அத்தனை ஆண்டுகள் அத்தனை துல்லியமாகக் குரல் நடுவில் நின்றது ஏன் என்று எனக்கு ஒருமுறையும் தோன்றவில்லை. அது என் செவியின் நுட்பம் என்று எண்ணிக்கொண்டேன்.

"அண்ணை, ஒரு விசயம்" என்றார் இளையவர். "பற்றறியைக் கழட்டினால் இந்தச் செற் எல்லாத்தையும் மறந்திடும். மறக்காமல் பிடிச்சு வைக்கிறதுக்கு ஒரு சாமான் இருக்கு, வேலையிடத்திலை விட்டிட்டு வந்திட்டன். அடுத்த ஞாயிறு செய்வமோ?"

பெரியவருக்கு உயிர் வந்தது. "பாத்தியோ தம்பி? என்ர அம்ப்ளிபயரிலை கையாலை திருப்பி விட்டால், நூறு வருசமெண்டாலும் திருப்பின இடத்திலைதான் நிக்கும். உன்ர சாமானுக்கு மறதி வருத்தம்."

"பெரியண்ணை, உங்கடை அம்ப்ளிபயரைக் காருக்குள்ளை வச்சால் ஆக்களை எங்கை வைக்கிறது? கூரையிலையோ?"

வழக்கமாக நான் அந்த இடத்தில் சிரித்திருப்பேன். அடுத்த ஞாயிறு வரை ஒத்திவைக்கலாம் என்ற எண்ணம் ஆசையாகத்தான் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான் இருக்கும். கார் மறுபடியும் பனிக்கு அடியில் போய்விடும்.

"எழுதி வைப்பம்" என்றேன்.

புதிய மின்கலம் வந்த அட்டைப்பெட்டியின் மூடியைப் பெரியவர் கிழித்துக் கொடுத்தார். இளையவர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார், நான் எழுதினேன். முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம், ஓர் அளவு. ஆய்வுகூடத்தில் வாசிப்புகளைக் குறிப்பதுபோல இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த எண்களுள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சிவப்பு விளக்கில் நான் சொன்ன விடை.

இளையவர் கம்பியைக் கழற்றினார். திரை இருண்டது. அவர் மின்கலத்தை மாற்றிய கால் மணிநேரமும் பெரியவரும் நானும் ஒரு சிகிச்சையறைக்கு வெளியே நிற்பவர்களைப்போல நின்றோம். புதிய மின்கலம் பொருத்தியதும் திரை ஒளிர்ந்து, எந்த மொழி என்று என்னைக் கேட்டது. பிரெஞ்சைத் தெரிவுசெய்தேன்.

"அண்ணை, இனி ஓடப்போறது நீங்கள். டிரைவர் பக்கம் வைக்கட்டே? ஒரு அமத்துத்தான்."

"வேண்டாம். இதிலை இருக்கிறதையே போடும்."

அவர் அட்டையைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்.

பெரியவரை லாசாலில் விடுவது என் பொறுப்பு என்றேன். அம்ப்ளிபயர் பின் இருக்கையில் சீற் பெல்ட்டோடு இருந்தது. இளையவர் காரைச் சுவரிலிருந்து விலக்கித் தந்தபின், பெரியவர் வலப்பக்கம் ஏறினார். நெடுஞ்சாலை வேண்டாமென்று ஏரிக்கரை வீதியால் மெதுவாகப் போனேன். கரையோரம் இன்னும் பனிக்கட்டி. நடுவே நீர் திறந்து சாம்பல் நிறமாய் மினுங்கியது. உடைந்த பாளங்கள் எங்களோடு அதே வேகத்தில் கிழக்கே மிதந்துவருவதுபோல இருந்தது. பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். "அவசரமெண்டால் பறந்து போகச் சொல்லும்" என்றார் பெரியவர், ஸ்டியரிங்கை இறுகப் பற்றியிருந்த என் கைகளைப் பார்த்தபடி.

முதல் சிவப்பு விளக்கில் பாட்டைப் போட்டேன். இடது முழங்கையருகே குரல் தொடங்கியது.

"ஐசே" என்றேன், "பாட்டுக்காரி இப்ப எங்கை நிக்கிறா?"

பெரியவர் கண்ணை மூடினார். காருக்குள் நுழைந்தாலே குறை சொல்லத் தொடங்கிவிடும் அந்த மனிதர், தீர்ப்புச் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

"நடுவிலை" என்றார். "சரி நடுவிலை நிக்கிறா."

பிறகு கண்ணைத் திறக்காமலே, "ஆனா என்ர வீட்டிலை இதைவிடக் கொஞ்சம் கிட்ட வருவா" என்றார்.

பச்சை விழுந்தது. கதவோரம் நசுங்கிய குரலைக் கேட்டபடி, பெரியவரையும் பாட்டுக்காரியையும் குலுக்காமல், காரை மெல்ல எடுத்தேன்.