மீட்டர் ரூமில் என் பெட்டி

என் ஆராய்ச்சி வரிசைகளைப் பற்றியது. இணையத்தில் நாம் அனுப்புகிற எதுவும் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். பாதை குறுகும் இடத்தில் அந்தத் துண்டுகள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையை எப்படி நகர்த்துவது என்று மூன்று வருடமாகக் கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இதை விளக்கியபோது அம்மா, "லைன்ல நிக்கறத படிக்கவாடி தெனம் ரெண்டு பஸ்ஸு மாறிப் போற?" என்றாள்.

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால், ஷேர் ஆட்டோவில் மாட்டிக்கொண்டுதான் எனக்கு இந்த யோசனை வந்தது என்று எழுத ஆசை. உண்மையில் புத்தகத்தில் படித்துத்தான் வந்தது. ஆனால் மற்றவர்களுக்குச் சொல்ல அந்த லாரிகள் ரொம்ப உதவின. ஒரு வீட்டில் சினிமா டவுன்லோடு ஆகிறது. அது ஐம்பது லாரி. பக்கத்து வீட்டில் ஒருவர் போனில் பேசுகிறார். அது ஒரு ஷேர் ஆட்டோ. ரவுட்டர் எல்லாரையும் வந்த வரிசையிலேயே நிறுத்தி வைத்தால் ஆட்டோ நகராது, பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். என் முறை எளிது: வீட்டுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் மாறி மாறி ஒன்று. கூடவே, லாரிகள் வாசலில் வந்து குவிவதற்கு முன்பே அவற்றை மெதுவாக வரச் சொல்லிவிடுவது.

ஆய்வகத்தில் இது அற்புதமாக வேலை செய்தது. என் கைடு வரைபடங்களைப் பார்த்துவிட்டு, நிஜத் தெருவில் ஓடினால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுதலாம் என்றார். நான் அன்று மாலையே தெருவைத் தேடிக் கிளம்பிவிட்டேன்.

காலடிப்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக்கடைக்கு மேல் மாடியில் கேபிள் இன்டர்நெட் நடத்தும் அக்கா ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். கீழே கடை அவர் வீட்டுக்காரருடையது, மேலே ஒயரெல்லாம் அக்காவுடையது. நான் லாரிக் கதையை ஆரம்பித்துப் பாதி போவதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு என் ஆராய்ச்சி தேவைப்பட்ட காரணம் அவரிடமே இருந்தது.

புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அவர் லைன் கொடுத்திருந்தார். முப்பத்தாறு வீடு. அவர் தொழிலிலேயே பெரிய கட்டடம் அதுதான். அதன் மொட்டை மாடி வழியாகத்தான் சுற்றியுள்ள நாலு தெருவுக்கும் அவருடைய ஒயர் போனது. அந்தக் கட்டடத்து சங்கத்தின் செயலாளர் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் உயிரியல் பாடம் எடுக்கும் டீச்சர். தினம் மாலை ஆறு மணிக்கு அவர் வகுப்பு தொடங்குவதும் குரல் உடைவதும் ஒரே நேரத்தில் நடந்தன. பெரிய இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே வந்து கட்டடத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். யாருடைய லைன் என்று மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கம் முடிவெடுக்கும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். கட்டடம் போனால் மொட்டை மாடி போகும், மொட்டை மாடி போனால் நாலு தெருவும் போகும்.

"ஒன் பொட்டிய வை பிள்ள. ஞாயித்துக்கெழமக்குள்ள அந்தம்மா வாயிலேருந்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வரணும்," என்றார் அக்கா.

என் முறை ஓடும் பெட்டி என்பது இரண்டு கேபிள் செருகும் இடம் கொண்ட ஒரு குட்டிக் கணினி, டிபன் பாக்ஸ் அளவு. அதைக் கட்டடத்தின் தரைத்தளத்து மீட்டர் ரூமில், வெளியிலிருந்து வரும் லைனுக்கும் வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் வைத்தோம். வைத்துக் கொடுத்தவர் அக்காவின் லைன்மேன். முகத்துவாரக்குப்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். நான் அவரை அண்ணா என்றேன். அவர் என்னை மேடம் என்றார். இரண்டிலும் கொஞ்சம் கிண்டல் கலந்திருந்தது. மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு தாவிப் போவதுதான் அவர் வேலை செய்யும் விதம். ஒரு கட்டடத்தில் ஏறினால் எந்தக் கட்டடத்தில் இறங்குவார் என்று அக்காவுக்கே தெரியாது.

பெட்டி நிமிடத்துக்கு ஒரு முறை நிலவரத்தை எனக்கு அனுப்பும். முதல் வாரம் முடிந்து வரைபடம் போட்டேன். கோடு, அலை இல்லாத நாளில் சமுத்திரம் கிடப்பது போலப் படுத்துக் கிடந்தது. தாமதமே இல்லை. அங்கங்கே சில மணி நேரம் தகவல் வராத இடைவெளிகள் இருந்தன. மழைக்காலம், கரண்ட் போய் வந்திருக்கும் என்று நினைத்து "மின்தடை" என்று குறித்தேன். பிறகு ஆராய்ச்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி அந்த இடங்களை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டவைத்தேன். அதற்குத் தரவைச் சுத்தம் செய்வது என்று பெயர். அச்செடுத்து அக்காவின் மேஜையில் பெருமையாக விரித்தேன்.

அக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா நேத்தும் போன் போட்டு ஏசுனாங்களே, அது எங்க இருக்கு இதுல?"

டீச்சரின் வைஃபை மோசமாக இருக்கும் என்றேன். அவருடைய போன் பழசாக இருக்கும் என்றேன். பிள்ளைகள் பக்கம் கோளாறு இருக்கலாம் என்றேன். படித்தவர்களுக்கு இந்த மாதிரிக் காரணங்கள் கொட்டிக் கிடக்கும். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதையெல்லாம் அந்தம்மாவிடமே போய்ச் சொல்லு என்று அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

டீச்சர் இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததும் காப்பி கொடுத்தார், பிறகு திட்டினார். வரிசை அப்படித்தான். வகுப்பு எந்தெந்த நாள் கெட்டது என்று ஒரு டைரியில் குறித்து வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை ஆறிலிருந்து ஏழு வரைக்கும் மொத்தமும் நாசம். நான் என் போனில் செவ்வாய்க்கிழமையைத் தேடினேன். அங்கே இடைவெளி.

"செவ்வாய்க்கிழமை உங்க கட்டடத்துல கரண்ட் இல்ல மேடம்," என்றேன், ஆதாரத்தோடு பேசுகிறவளின் குரலில்.

"இன்னாம்மா சொல்ற? கரண்ட் இல்லாமயா தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கினு இருந்துச்சு?"

அவர் டைரியை வாங்கி, ஒவ்வொரு தேதியாக என் போனோடு ஒப்பிட்டேன். அவர் குறித்து வைத்திருந்த ஒவ்வொரு கெட்ட வகுப்பும் நான் வெட்டி எறிந்த ஒரு துண்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. காப்பி நன்றாக இருந்தது என்று உளறிவிட்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி மீட்டர் ரூமுக்கு இறங்கினேன்.

அப்போது ஐந்தரை மணி. லைன்மேன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இணைப்புக் கொடுக்க வந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து வரும் கேபிளை என் பெட்டியிலிருந்து உருவி, நேராக ஸ்விட்சில் செருகினார். அந்த நிமிடமே என் போனில் பெட்டியின் நிலவரம் நின்றுபோனது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் செய்தார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க?"

"இன்னா மேடம் அப்டி பாக்குற? நம்பர் காட்டாம எவன் கனெக்‌ஷன் வாங்குவான்? உன் பொட்டி வழியா போனா இருவது காட்டுது. நேரா போட்டா நாப்பது காட்டுது."

இந்த வட்டாரத்தில் இணைப்புக் கொடுக்கிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஒயரை இழுத்து முடித்ததும் வீட்டுக்காரர் கண் முன்னால் போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டும். முள் ஏற ஏற வீட்டுக்காரர் முகம் மலரும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் கைகுலுக்கல். ஆனால் ஸ்பீட் டெஸ்ட் ஒரே சமயத்தில் பத்துக் கையை நீட்டி வாங்குகிற ஆள். வீட்டுக்கு ஒரு வரிசை என்று வைக்கும் என் பெட்டி ஒரு கைக்குத்தான் கொடுக்கும். பெட்டி சரியாக வேலை செய்ததால்தான் எண் குறைந்தது. இதை எந்த ஆய்வுக்கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

எண்ணைக் காட்டியதும் இறங்கி வந்து கேபிளை மறுபடி பெட்டியில் செருகிவிடுவதாக அவர் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்தார். வேலை முடிந்து மொட்டை மாடி வழியாகவே அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டால் மட்டும் மறந்துவிடுமாம். அடுத்த நாள் ஞாபகம் வந்து செருகுவாராம். கட்டடமோ புதுசு, வாரத்துக்கு மூன்று வீடாவது குடிவந்துகொண்டிருந்தது. வேலையிலிருந்து ஆள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்துத்தான் இணைப்பு. அதுவேதான் டீச்சரின் வகுப்பு நேரம்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் மறந்தார், நானோ மறந்ததற்கான சாட்சியை உட்கார்ந்து அழித்து, அச்செடுத்து மேஜையில் விரித்திருந்தேன். மூன்றாவது மாடியில் எண்ணைக் காட்டி, கேபிளை மறுபடி பெட்டியில் செருகிவிட்டு, இருவருமாக அக்காவிடம் போனோம். வழியெல்லாம் அவர் முகம் செத்திருந்தது, வேலை போய்விடுமோ என்று. நான் முந்திக்கொண்டு வெட்டி எறிந்த கதையை முதலில் சொன்னேன்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தி நாள்கணக்கா லாரிக் கதை சொல்லுதா. ஒருத்தன் லாரி வழியையே மாத்தி விடுதான். நடுவுல நான் டீச்சரம்மாகிட்ட ஏச்சு வாங்குதேன்." பிறகு சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்.

நான் புது வரைபடம் போடுகிறேன் என்றேன். அக்கா அந்தக் காகிதத்தில்தான் நாளைக்கு வடை மடிப்பேன் என்றார்.

லைன்மேன்தான் சொன்னார்: "நம்பரு காட்டுறதுக்கு பதிலா பேச்சு காட்டலாம்க்கா. ஊட்டுல கீற அத்தினி போன்லயும் படம் ஓட வுட்டுட்டு, வீடியோ கால் போட்டு குடுக்கலாம். மூஞ்சி நிக்காம ஓடுச்சுன்னா லைன் ஓகே."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். சுமை ஏறும்போது தாமதத்தை அளப்பது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பத்துப் பக்கம் எழுதும் சோதனை அதுதான். அதை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்திருந்தார். ஒரு வீட்டில் ஏன், கட்டடம் முழுக்க இதைச் செய்வோம் என்றேன் நான்.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை மாலையும், சங்கக் கூட்டத்துக்கு முன்னால், ஒரு திருப்புதல் வகுப்பு வைத்திருந்தார். அதையே சோதனையாக வைத்துக்கொள்ள அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்கு இரண்டு காப்பியும் ஒரு முறை அழுகை வருகிற நிலையும் ஆகிவிட்டது. கெட்டுப்போனால் அதே இடத்தில் கம்பெனிக்காரர்களுக்குப் போன் செய்வேன் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு லைன்மேன் ஆள் குடிவந்த அத்தனை வீட்டு மணியையும் அடித்து, இருப்பதையெல்லாம் ஓட விடச் சொன்னார். டிவியில் படம், போனில் படம், லேப்டாப்பில் டவுன்லோடு. விளையாடு, இன்னும் விளையாடு என்று தங்கள் அம்மாக்களே சொல்லும் நாள் வரும் என்று அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் நினைத்தே இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு படத்தின் சண்டைக்காட்சி கேட்டது. நான் மீட்டர் ரூமில் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு, கேபிளைக் காவல் காத்தேன். போனில் நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. லைன் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. தாமதக் கோடு லேசாக ஒரு முறை எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. இந்த முறை ஒரு இடைவெளியும் இல்லை, வெட்டுவதற்கு எதுவும் இல்லை. இருந்தும் அந்தக் கோட்டை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. லைன்மேனைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு மேலே ஓடினேன்.

டீச்சர் வீட்டு வாசலில் அக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், கதவில் காதை வைத்து. நானும் வைத்தேன். உள்ளே சிறுநீரகம் நடந்துகொண்டிருந்தது. வடிகட்டுவதைப் பற்றி டீச்சர் நிறுத்தாமல் பேசினார். பிள்ளைகள் நடுவில் புகுந்து சந்தேகம் கேட்டார்கள். ஒருத்தி பதிலைத் தப்பாகச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தது அப்படியே ஒன்றாகக் கேட்டது. குரல் உடையாமல் ஒரு மணி நேரம் போனது. அக்காவுக்குச் சிறுநீரகம் பற்றி ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் நகரவில்லை.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. நாங்கள் இருவரும் உள்ளே விழாத குறை.

டீச்சர் எங்களைப் பார்த்தார். "நல்லாத்தான் கீது," என்றார். "ஆனா அஞ்சாவது மாடில அந்தச் சண்டைப் படத்த நிறுத்தச் சொல்லுங்க. அது லைன்ல வரல, ஜன்னல் வழியா வருது."

அக்கா அதைச் சொல்லத் தானே மாடி ஏறினார்.