ஆரவாரக் குழுவும் சிறப்பு விருந்தினரும்

பிறருக்காகக் கூவக் கற்றுக்கொடுக்கும் தொழிலில், கற்றுக்கொடுப்பவரின் குரல் மட்டும் ஒருவர் காதிலும் விழுவதில்லை.

இக்கதையை நான் முழுமையாக முதலில் கேட்டது தொண்ணூறுகளின் இறுதியில், ஒரு கோடையில், விடைத்தாள் திருத்தும் முகாமில். கூறியவர் எனக்கு எதிரே அமர்ந்திருந்த இளம் விரிவுரையாளர். தம் மாணவி ஒருத்தியிடம் கேட்டதாகச் சொன்னார். சாந்தோம் பக்கத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில் தமிழ் அம்மா ஒருவர், மாணவிகளை ஒருத்தி தோள்மேல் ஒருத்தியாக ஏற்றிப் போட்டிக்கு அழைத்துப் போனாராம். அந்தத் தமிழ் அம்மா நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஒரே கும்மிப் பாட்டு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதைப் பதிவுசெய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தவள் நான். சொல்பவரைக் குறுக்கே மறிக்கக்கூடாது என்பது எங்கள் துறையின் முதல் விதி. ஆகவே கடைசிவரை கேட்டேன். துறைக்குத் தொடர்பில்லாத பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொண்ட சக ஆசிரியர்களே, நான் கண்ணால் கண்ட வடிவத்தை உங்களுக்காகக் கீழே தருகிறேன். அந்த விரிவுரையாளரோ கதையை இப்படி முடித்தார்: "பாவம் மேடம், அந்தம்மாவுக்கு அப்புறம் புத்தியே பிசகிடுச்சாம்."

கும்மிக்கு அடுத்த படி

அந்த முகாமுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, கல்லூரிகளுக்கிடையிலான கலைவிழாவில் ஆரவாரக் குழுப் போட்டி என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். ஆங்கிலத்தில் சியர் லீடிங். குழுவாக முழக்கமிட வேண்டும், தாளத்துக்கு அசைய வேண்டும், ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். உடற்கல்வி ஆசிரியை தம் கோ-கோ அணியைக் காட்டி ஒதுங்கினார். ஆங்கிலத் துறையினர் தங்கள் நாடகத்தைக் காட்டி ஒதுங்கினார்கள். காட்டுவதற்கு எதுவுமற்றவள் நான் ஒருத்தியே.

கல்லூரி முதல்வர் அம்மையார் அழைத்தார். இக்கலையின் பெயரைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது என்பதை முறையாக விளக்கினேன். அவர் பொறுமையுடன் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க கும்மியிலதானே டாக்டர் பட்டம் வாங்கினீங்க? வட்டமா நின்னு கை தட்டிப் பாடறது. இதுவும் அதேதான், கொஞ்சம் உயரமா."

கேசட்

மூன்றாம் ஆண்டு மாணவி வைதேகியின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய வீடியோ கேசட்தான் எங்களுக்குப் பாடநூல். தொலைக்காட்சிப் பெட்டி இருந்த அறையில், ஒரு சுவடியைப் படிப்பதுபோல, நிறுத்தி நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி அதைப் பார்த்தோம். எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மேலே நிற்பவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே தாங்குபவர்களோ கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. அவர்களின் கண் அவள்மேல் இருக்கிறது; கை அவள் பாதத்தில் இருக்கிறது. அதையே எங்கள் குழுவின் ஒரே சட்டமாக்கினேன்: மேலே இருப்பவளின் கால் தரையைத் தொடும்வரை யாரும் கையை எடுக்கக்கூடாது.

கதவோரம் நின்று எங்களோடு முழுவதையும் பார்த்த அலுவலக உதவியாளர் கன்னியப்பன் மட்டும் நிறைவடையவில்லை. "மேட்ச்சே காணோம். எதுக்கு மேடம் இத்தினி பேரு கூவிக்கினு கீறாங்க?"

குஞ்சம்

கையில் பிடித்து ஆட்டுவதற்குக் குஞ்சம் வேண்டும். தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவின் நெரிசலுக்குள் நசுங்கி, நைலான் நூல் விற்கும் கடையொன்றைக் கண்டுபிடித்தோம். மஞ்சளும் பச்சையும் கட்டுக்கட்டாகக் கேட்டேன். எதற்கென்றார் கடைக்காரர். பெண்கள் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்று முழக்கமிடுவதற்கு என்று துல்லியமாகப் பதில் சொன்னேன். நூலை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. "எந்தக் கட்சிம்மா? தோக்கற கட்சின்னா வேற கடை பாருங்க. போன எலெக்சன்லயே என் ராசி கெட்டுப்போச்சு."

தோளும் பாதமும்

பரதநாட்டியம் பயின்றவர்கள் அரைமண்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து கால்களை உரமாக்கிக்கொண்டவர்கள். தாங்குவதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அந்த வகையில் வைதேகியே எங்கள் முதல் தூண். மேலே நிற்க ஸ்டெல்லாவைத் தேர்ந்தேன். சாந்தோம் கரையின் மீனவர் குப்பத்துப் பெண், சிறிய உடம்பு, அச்சம் என்பதே அறியாதவள்.

வைதேகியின் தாயார் மயிலாப்பூரிலிருந்து நேரே என் துறைக்கு வந்தார். மகள் மேலே நிற்பதில் அவருக்குத் தடையில்லை. கீழே நிற்பதில்தான் தடை. "எவளோ காலை என் பொண்ணு தோள்ல வாங்கிக்கணுமா? அதுவும் எந்த எடத்துப் பொண்ணோட காலை!" என்றார். எடை, உயரம், சமநிலை என்று நான் சொன்ன காரணங்கள் அவர் காதருகே சென்று திரும்பி வந்தன. மகள் இனி வரமாட்டாள் என்று அறிவித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பயிற்சிக்கு முதலில் வந்து நின்றவள் வைதேகி. அம்மா சம்மதித்துவிட்டாரா என்று கேட்டேன். "ஆத்துல வாலிபால்னு சொல்லிட்டேன் மேடம். தோள்ல மண்ணு ஒட்டிண்டிருந்தாலும் இனிமே கேக்க மாட்டா."

முதல் ஏற்றம்

எத்தனையோ சரிவுகளுக்குப் பின், வைதேகியும் மற்ற மூவரும் பாதங்களைத் தாங்க, ஸ்டெல்லா ஒரு மாலை நேராக நிமிர்ந்து நின்றாள். ஓர் ஆசிரியைக்கு வாழ்நாளில் அரிதாகவே வாய்க்கும் நொடி அது. நான் எழுதிக் கொடுத்திருந்த வெற்றி முழக்கத்தை அவள் இப்போது சொல்லவேண்டும். அவளோ மதிலுக்கு அப்பால் உற்றுப் பார்த்துவிட்டு அலறினாள்: "மேடம், இங்கேந்து எங்க ஊடு தெரியுது! அம்மா காய வெச்ச கருவாட்ட காக்கா தூக்கினு போவுது, யாராச்சும் ஓடிப் போயி சொல்லுங்க!"

இறக்குவது யார்

கருவாடு போன செய்தி வீட்டை எட்டியது. மகள் எந்த உயரத்திலிருந்து அதைக் கண்டாள் என்ற செய்தியும் கூடவே எட்டியது. மந்தைவெளியில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஸ்டெல்லாவின் தாய் சகாயம் மைதானத்துக்கு வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பயிற்சி முழுவதையும் நின்றபடியே பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். "மேல ஏத்தி வுட எல்லாரும் வருவாங்கம்மா. எறக்கி வுட யாரு கீறாங்க? அத்த சொல்லு."

ஆராய்ச்சிக் கருத்தரங்குகளில் என்னை யாரும் இவ்வளவு நேராகக் கேள்வி கேட்டதில்லை. தாங்கும் நால்வரையும் அழைத்து எங்கள் ஒரே சட்டத்தை அவர் முன்னிலையில் சொல்லச் செய்தேன். சொன்னார்கள். நானும் வாக்குக் கொடுத்தேன். அவர் அந்தப் பெண்களின் கைகளை, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "கைய எடுக்க மாட்டோம்னு சொல்றீங்க. அத்த நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்."

ஒத்திகைக்குள் ஓர் ஒத்திகை

போட்டிக்கு முந்தைய வாரம் முதல்வர் மைதானத்துக்கு எழுந்தருளினார். எங்கள் கோபுரத்தை அவர் பார்க்கவில்லை. அவருடைய கவலை வேறு. விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் கல்வித்துறையின் உயர் அலுவலர். நம் கல்லூரிக் கோப்பு ஒன்று அவர் மேசையில் இருக்கிறது. அவர் அரங்கில் நுழையும்போது நம் மாணவிகள் எங்கே இருந்தாலும், எதைச் செய்துகொண்டிருந்தாலும், அக்கணமே நிறுத்திவிட்டு இரு கை கூப்பி வணக்கம் சொல்லவேண்டும். அன்றிலிருந்து நாள்தோறும், பயிற்சி முடிந்ததும் முதல்வரே கைதட்டுவார்; பெண்கள் திரும்பிக் கைகூப்புவார்கள். தாமதித்தவர்கள் மீண்டும் செய்தார்கள். நான் மாதக்கணக்கில் புகட்டியதைவிட அவர் ஒரு வாரத்தில் புகட்டியது ஆழமாக இறங்கியது. கண்டிப்பாகச் சொல்லப்படுவது எளிதில் மனனமாகும் என்பது வாய்மொழி மரபு அறிந்த எவருக்கும் தெரிந்ததே.

நான் அவரைத் தனியே சந்தித்து, மேலே ஒருத்தி நின்றுகொண்டிருக்கும்போது விருந்தினர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். என் கேள்வி அவருக்குப் பண்பற்றதாகப் பட்டது. "அவர் எவ்வளவு பெரிய மனுஷர். அப்படியெல்லாம் நேரங்கெட்ட நேரத்துல வரமாட்டார்."

அடையாறு அரங்கில்

சிறப்பு விருந்தினர் காலையிலேயே வருவதாக இருந்தது. வரவில்லை. காத்திருந்து அலுத்துப் போட்டியைத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் முறை வந்தது. குஞ்சங்கள் ஆடின, கும்மித் தாளத்தில் நான் கட்டிய முழக்கத்தை அரங்கமே திருப்பிச் சொன்னது. வைதேகியும் மற்ற மூவரும் குனிந்து நிமிர்ந்தார்கள். ஸ்டெல்லா எழுந்து நின்று இரு கைகளையும் விரித்தாள். நடுவர் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். வென்றுவிட்டோம் என்றே எண்ணினேன்.

அப்போது பின்கதவு திறந்தது. ஒலிபெருக்கியில் வருகை அறிவிக்கப்பட்டது. முன்வரிசையில் எங்கள் முதல்வர் எழுந்து கைதட்டினார். ஒத்திகையில் தட்டிய அதே கைதட்டல். மேடைமேல் மூன்று பெண்கள் வாசற்பக்கம் திரும்பி, நெஞ்சுக்கு நேரே, பிழையறக் கைகூப்பினார்கள்.

வைதேகி ஒருத்தி கையை எடுக்கவில்லை. அவள் விடாமல் பற்றியிருந்த ஒற்றைப் பாதத்தால்தான் ஸ்டெல்லா தலைகுப்புற விழாமல் பக்கவாட்டில் விழுந்தாள் என்று மருத்துவர் பின்னர் சொன்னார். இடத் தோள் இறங்கி, கையெலும்பு முறிந்தது. நான் மேடைக்கு ஓடினேன். சிறப்பு விருந்தினர் இதற்குள் மாலையைப் பெற்றுக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒலிபெருக்கிக்காரர் நிலைமையைச் சமாளித்தார்: "அடுத்த குழு தயாரா இருக்கட்டும், ஐயாவுக்கு இன்னொரு விழா இருக்கு."

ஒரு கை

மருத்துவமனை வாயிலில் சகாயம் வந்து இறங்கினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். யாரோ வந்தார், எல்லோரும் கைகூப்பினார்கள் என்ற இடத்தில் என்னை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன். அது அவருக்கு விளங்கவே இல்லை. தம் வலக்கையை நெற்றிக்கு உயர்த்தி, இடக்கையால் காற்றில் எதையோ இறுகப் பிடித்துக் காட்டினார். "ஒரு கையால சலாம் வெச்சிட்டு இன்னொரு கையால புள்ளய புடிச்சிக்கினு இருக்கக் கூடாதாம்மா? உங்க படிப்புல அதுக்கு வழியே இல்லியா?"

கோப்பை

எங்களுக்கு முதல் பரிசு இல்லை. ஆயினும் ஒரு கோப்பை கிடைத்தது. சிறப்பு விருந்தினரின் விருப்பப்படி, சிறந்த ஒழுங்குக்கென்று அன்று மேடையிலேயே ஒரு பரிசு உண்டாக்கப்பட்டது. மறுவாரம் காலைக் கூட்டத்தில் முதல்வர் அதைத் தூக்கிக் காட்டினார், கல்லூரி கைதட்டியது. அதே மூச்சில், மாணவிகள் உயரம் ஏறும் நிகழ்ச்சிகள் இனி இல்லை என்றும் அறிவித்தார். குழு அத்துடன் கலைந்தது.

ஸ்டெல்லாவின் வீட்டுக்குக் கல்லூரி சார்பில் யாராவது செல்லவேண்டும் என்று கேட்க முதல்வர் அறைக்குப் போனேன். கோப்பை கண்ணாடி அலமாரிக்குள் ஏறியிருந்தது. அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது. "எல்லாம் சரி. அந்த வைதேகி மட்டும் ஏன் வணக்கம் சொல்லல? விசாரிச்சீங்களா?"

பாடபேதம்

பிற கதைசொல்லிகள் இதை வேறு வேறு விதமாக முடிக்கிறார்கள். கல்லூரி ஆண்டு மலரின் வடிவத்தில், பெரியவரைக் கண்டதும் அந்த மாணவி பணிவுடன் தானே கீழே குதிக்கிறாள். முகாமில் கேட்ட வடிவத்தில், விருந்தினர் ஓடிவந்து அவளைக் கையில் ஏந்திக்கொள்கிறார். குப்பத்தில் வழங்கும் வடிவத்தில், அவள் நேராக அவர் மடியிலேயே விழுகிறாள், மாலை அறுந்து போகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவள் இப்போது தில்லியில் பயிற்சியாளராக இருக்கிறாள் என்று சொல்வோரும் உண்டு. நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது மந்தைவெளியில், நிரம்பி வழிந்த ஒரு பேருந்தில். மேலே இருந்த கம்பியை வலக்கையால் பிடித்திருந்தாள், இடக்கை தோளுக்கு மேல் எழுவதில்லை.

இத்தனை வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்: ஒன்றில்கூடச் சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவதில்லை, அவள்தான் சற்று முன்னதாக மேலே ஏறிவிடுகிறாள்.