அசுரன் நல்லவனான பிறகு

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் அசுரனைப் பற்றி என்னைவிட அறிந்தவன் பாபநாசத்தைச் சுற்றி எவனும் கிடையாது. பதினோரு வருஷம் அசுரனாகச் செத்தவன் நான்.

எங்கள் ஊர்த் திருவிழாக் கூத்தில் சாமி வேஷமெல்லாம் மேலத்தெருக்காரர்களுக்கு. அசுரன் மட்டும் பண்ணையாள் தெருவிலிருந்து வரவேண்டும், அதுதான் வழக்கம். முகத்தில் கரி, வாயில் பன்றிப்பல், இடுப்பில் வைக்கோல் பிரி. நான் உறுமினால் வாய்க்காலுக்கு அக்கரையில் கட்டிக்கிடக்கும் மாடு அறுத்துக்கொண்டு ஓடும். அசுரன் சாய்ந்ததும் முன்வரிசை மிராசுதார் வீட்டார் எழுந்து, ஆளுக்கொரு பிடி மண் அள்ளி என்மேல் போடுவார்கள். அதுவும் வழக்கம்தான். சிலர் கல்லையும் பொறுக்கி வைத்திருப்பார்கள். பிறகு நான் யாரையும் தொடாமல் நேராக ஆற்றுக்குப் போய் முழுகவேண்டும்.

ஆட்சி மாறியது. மிராசுதார் மகன் கரைவேட்டி கட்டிக்கொண்டு, புதுக் கூத்து ஒன்று எழுதி வந்தார். அதில் அசுரன் கெட்டவனே இல்லை, இந்த மண்ணின் ராஜா. உழுதவனுக்கு நிலம் கொடுத்ததற்காக மேலுலகத்தார் சூழ்ச்சி செய்து கொல்கிறார்கள். சாகும்போது மண் விழாது, மாலை விழும். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கரி பூசாமல், கிரீடம் வைத்துக்கொண்டு அந்த முன்வரிசைக்கு எதிரே ஒருநாள் நிற்கவேண்டும். நிலத்துக்குக்கூட நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

என் மனைவி சிரித்தாள். “ராசா வேஷமா? அப்ப நாளைக்கு நாத்துக்கட்டு தூக்குறது யாரு, மந்திரியா?”

ஒத்திகைக்குப் போனேன். கிரீடம் மிராசுதார் மகன் தலையில் இருந்தது.

“வாங்கண்ணே” என்றார். அதுவரை எனக்கு அவர் வாயில் ‘டேய்’தான்.

“எனக்கு என்ன வேஷங்க?”

“இது புது அசுரன்ணே. பாத்தா மரியாதை வரணும். கரிமூஞ்சியெல்லாம் அந்தக் காலம்.”

“மூஞ்சியக் கழுவிட்டு வரேங்க.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் என் தோளில் கை போட்டார்.

“கோச்சுக்காதீங்க. எனக்கு உறுமல் வரல. நீங்க திரைக்குப் பின்னால நின்னு உறுமுங்க, நான் வாய அசைச்சுக்கறேன்.”

அவர் வீட்டு நிலத்தில்தான் அப்போது எனக்குக் குத்தகைச் சாகுபடி. பதிவு கிடையாது, அடுத்த நாளே வரப்பில் ஏறாதே என்று சொல்லிவிடலாம். சரி என்றேன்.

கூத்தன்று உறுமினேன், தொண்டை கிழிய. “உழுதவனுக்கே நிலம்” என்று அவர் மார்தட்டியபோது எங்கள் தெருவே எழுந்து கைதட்டியது. அவர் சாய்ந்ததும் முன்வரிசையிலிருந்து மாலைகள் விழுந்தன. என் மனைவியும் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைத் திரைக் கிழிசல் வழியாகப் பார்த்தேன்.

அவர் எப்போதோ பட்டணம் போய்விட்டார். அவர்கள் நிலத்தில் இரண்டு வேலி, பதிமூன்று ஏக்கருக்கு மேல், இன்று என் பெயரில். எவன் தயவும் இல்லாமல் வாங்கினேன். இப்போது இங்கே பிள்ளைகள் போடும் நாடகங்களில் அரக்கன் என்றால் நிலக்காரன்தான். தொப்பையும் மீசையும் எனக்கு இருப்பதுபோலவே வைக்கிறார்கள்.

டீக்கடையில் பழைய கூத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “என்னா குரல்யா அந்த மனுஷனுக்கு” என்கிறார்கள். உறுமியது நான் என்று ஒருதரம் சொன்னேன்.

“பெரியவருக்கு அவங்க நெலம் பத்தலயாம்,” என்றான் ஒருவன், “கொரலும் வேணுமாம்.”