அக்கா வகுத்த ஏழு நாள்

மே மாத வெயிலில், கிணற்றடியில், முழங்காலுக்குக் கீழே இறங்கும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் அக்கா நின்றாள். புடவைக்கு மேல் கோட்டு. ஐந்து பொத்தானையும் போட்டிருந்தாள். வேர்வை நெற்றியிலிருந்து இறங்கி மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்த நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். "என்னாடா பாக்குற? இந்தக் கனத்தோட மலையில நடக்கணும். இங்கயே பழகிக்கிட்டா அங்க மூச்சு வாங்காது" என்றாள். கோட்டு அத்தானுடையது, பட்டாளத்தில் கொடுத்தது. அதைத் தன் அளவுக்குப் பிடிக்கச் சொல்லித் தையற்காரரிடம் கொடுத்தபோது, அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "தாயே, இதப் போட்டுக்கிட்டு கடைத்தெருவுல நடந்தீங்கன்னா வீடு வந்து சேர்றதுக்குள்ள இட்டிலியா வெந்துடுவீங்க" என்றாராம். அந்தப் பேச்சை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் காரைக்கால் பக்கத்தில் அவர்களைச் 'சொல்தா' என்போம். ஒரு குளிர்காலம் முழுவதும் அவரை ஆல்ப்ஸ் மலையில் பயிற்சிக்கு வைத்திருந்தார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து அந்த ஒரு குளிர்காலத்தைத்தான் முப்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். பனியில் காலை வைத்தால் சர்க்கரை மூட்டையில் வைத்த மாதிரி நறநறவென்று இறங்கும் என்பார். காலையில் மலை ரோஜா நிறமாக இருக்கும், மத்தியானம் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி கண்ணைக் கூசும் என்பார். அவர் சொன்னதை அவரைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தவள் அக்கா. அவர் ஓரிடத்தில் மறந்து தடுமாறினால் அடுப்படியிலிருந்தே அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாள். தலத்தெருவில் பிறந்து தலத்தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். அதுவரை வேளாங்கண்ணிதான் அவள் போன அதிகபட்ச தூரம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர்களுடைய மூத்த பையனுக்கு அந்த மலையடிவாரத்து ஊர் ஒன்றிலேயே வேலை கிடைத்தது. ஒரு நாள் கடிதம் வந்தது. ஆகஸ்டில் அவனுக்கு விடுமுறை, மலையில் ஒரு மரவீட்டை ஏழு நாளைக்கு எடுக்கிறான், அப்பா அம்மா தங்கச்சி மூன்று பேரும் வரவேண்டும். அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். நான் அப்போது நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு படித்ததெல்லாம் கடலை மடித்த காகிதத்திலும், பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களின் வாயிலும்தான். ஆனாலும் அக்கா வீட்டில் எழுத்து வேலை என்றால் எனக்குத்தான் ஆள் வரும்.

ஏழு நாளையும் அக்கா வகுத்தாள், நான் எழுதினேன். முதல் நாள் எங்கேயும் போகக்கூடாது, மலையைச் சும்மா பார்க்க வேண்டும். "வந்த அன்னிக்கே மேல ஏறி மிதிச்சா அதுக்கு என்ன மரியாதை?" என்றாள். இரண்டாம் நாள் கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி. மூன்றாம் நாள், மேலே மாதா கோயில் இருந்தால் மெழுகுவர்த்தி, இல்லையென்றால் பாறை மேல் ஏற்றிவிட்டு ஜெபமாலை சொல்வது. நாலாம் நாள் மகனுக்கு மீன்குழம்பு வைத்துக் கொடுத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது. ஐந்தாம் நாளை அத்தானுக்கு விட்டிருந்தாள். அவர் கூடாரம் போட்டிருந்த இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டுமாம். ஆறாம் நாள் மகள் இஷ்டம், ஏழாம் நாள் பெட்டி கட்டுவது. காரைக்கால்மேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மாம் பெரிய மலையில ஒரு நெத்திலி கெடைக்குமா ஆச்சி? பனியத்தான் கொழம்பு வெக்கணும்" என்று நக்கலடித்தாள். அதற்காகவே அக்கா கருவாட்டை வறுத்துப் பொடித்து டப்பாவில் அடைத்தாள்.

பாஸ்போர்ட்டுக்காகப் பாண்டிச்சேரிக்குப் போனோம். அத்தான், அக்கா, மகள், துணைக்கு நான். பிரெஞ்சு அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார், தமிழ் நன்றாகப் பேசினார். பழைய பதிவேட்டுப் பிரதிகளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அத்தானுக்கும் மகளுக்கும் ஒரு தடையுமில்லை என்றார். பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "உங்க கல்யாணம் எங்கேயும் எழுதப்படலையே அம்மா."

நடந்தது இதுதான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட அந்தக் காலத்துக் காரைக்காலில் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. மேரி என்று பழையவர்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்கும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அத்தான் விடுப்பில் வந்து கட்டினார். விருந்து முடிவதற்குள் கப்பலுக்கு நாள் வந்துவிட்டது. திரும்பி வந்து எழுதிக்கலாம் என்றார். திரும்பி வந்தார், எழுதவில்லை. பிள்ளைகள் பிறந்தபோது மட்டும் ஞாபகமாகப் போய்த் தன் பெயரில் எழுதிவைத்தார். பிறகு காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்து, இனி எந்த நாட்டுக்காரர் என்று கேட்டபோதும் அவரே எழுதிக்கொடுத்தார். வீட்டோடு எல்லாரும் பிரெஞ்சுக்காரர் ஆகிவிட்டதாக அக்கா நினைத்துக்கொண்டாள். முப்பது வருஷமாகக் காகிதத்தில் அத்தான் கல்யாணமாகாதவர். அவருக்குப் பிள்ளைகள் மட்டும் உண்டு.

அதிகாரி நல்ல மனுஷர். இரண்டு வழி சொன்னார். இப்போதே கல்யாணத்தைப் பதியலாம், ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். பத்து நாள் இருவர் பெயரையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், பிறகு சாட்சிகளோடு வந்து நின்றால் போதும். இல்லையென்றால் அக்கா தன் தகப்பனார் பெயரைப் போட்டு, கல்யாணமாகாதவள் என்று எழுதி, இந்திய பாஸ்போர்ட் வாங்கலாம். அக்கா இரண்டாவதைக் காதில் வாங்கவே இல்லை. "இவரு பொண்டாட்டியாத்தான் நான் வருவேன்" என்றாள். அதிகாரி அத்தானைப் பார்த்தார். அத்தான் தொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

பலகைதான் அவரை உலுக்கிவிட்டது. மாதா மாதம் பென்ஷன் வாங்க ஊர் சொல்தாக்கள் எல்லாரும் அந்தப் பலகைக்கு முன்னால்தான் போய் நிற்பார்கள். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "தலை நரைச்சப்புறம் புது மாப்ளன்னு என் பேர ஒட்டுவானுவொளா? இத்தினி நாளும் யாரோட இருந்தான்னு கேக்க மாட்டானுவொளா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல நம்ம பேரச் சொல்லி கல்யாண ஓலை வாசிச்சுத்தானே கட்டுனீங்க. அன்னிக்கு ஊரே கேட்டுச்சு. இன்னிக்கு ஒரு பலகை பாத்தா என்னங்க?" பதில் மகளிடமிருந்து வந்தது. அவளைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்து போய்க்கொண்டிருந்த நேரம். "அம்மா, என்னைப் பாக்க வர்றவங்க, ஒன் அப்பா அம்மாவுக்கு எப்ப கல்யாணம்னு கேட்டா, போன மாசம்னு சொல்லவா?" என்றாள். அக்கா உலையைக் கவனிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். "பொறந்த வீட்டுக்குன்னு நீ ஒருத்தன்தான். எழுதிட்டுத்தான் போவணும்னு அவருகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா பொம்பளப் பேச்சு. நீ சொன்னா நியாயம்" என்றாள். போனேன். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டார். யாரோ கொண்டுவந்து கொடுத்த சீமைப் பிராந்தியைத் திறந்தார். "மாப்ள, ஏழு நாளு. அதுக்குப் போயி மானத்த வாங்கணுமா?" என்றார். நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். நியாயம் பேச வந்தவன், அவர் சொன்ன பனிக்கதையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். அக்காவிடம் நான் சொன்ன வார்த்தை இது: "மலை எங்க போயிடப் போவுது, அடுத்த வருசம் போய்க்கலாம்க்கா." அவள் என் வாயை முகர்ந்தாள். ஊராருடைய பேச்சையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டிருக்கிறவன் நான். என் பேச்சில் மறக்க முடியாமல் கிடப்பது இந்த ஒன்றுதான்.

அத்தானும் மகளும் மட்டும் போனார்கள். பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் நான்தான். அக்கா கோட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். தோளில் கொஞ்சம் பிடித்தது, கையாலேயே தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்தாள். மரவீட்டில் அவர்கள் போய் இறங்கியிருக்கக்கூடிய நாளில் அவளைப் பார்க்கப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னிக்கு சும்மா பாக்குற நாளு" என்றாள். இரண்டாம் நாள் போனபோது அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நான் போகவில்லை.

திரும்பி வந்தபோது அத்தான் பழைய மனுஷராக இல்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்து நின்றாராம். அங்கே நின்று பேச ஆளில்லை என்றார். அம்மாவை விட்டுவிட்டு வந்ததற்காக மகனும் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். வந்த வாரமே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, திங்கட்கிழமை பாண்டிச்சேரிக்குப் போய் எழுதிவிடலாம் என்று அவராகவே சொன்னார். நானும் அந்தப் பந்தியில் இருந்தேன். அக்கா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் ஆவாதவரா கப்பல்லயும் போனீங்க, ஏரோப்ளேன்லயும் போனீங்க. சௌகரியமாத்தான இருந்துச்சு. அப்படியே இருந்துட்டுப் போங்க." அதற்குப் பிறகு அவர் ஆறேழு தடவை கேட்டிருப்பார், பங்குச்சாமியாரைவிட்டும் சொல்லிப் பார்த்தார். வேளாவேளைக்குச் சோறு வந்தது, சட்டை துவைத்து மடித்து வந்தது. 'என்னங்க' என்று கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள்.

இப்போது எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் கைப்பேசியில் பனிமலை காட்டுகிறார்கள். பத்து நாள் சுற்றுலா, குடும்பத்தோடு போய்த் திரும்பிவிடுகிறார்கள். நல்லதுதான். நான் பார்ப்பதில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். இறப்பைப் பதிய நகராட்சி அலுவலகத்துக்கு நான் கிளம்பியபோது அக்காவும் கூடவே கிளம்பினாள். பெண்கள் வரத் தேவையில்லை என்றேன், கேட்கவில்லை. எழுத்தர் சின்ன வயசுக்காரர். படிவத்தைப் பார்த்து, மனைவி பெயர் என்ன என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "அந்த எடத்த காலியா விடுங்க தம்பி. அவரே எழுதல, நீங்க ஏன் எழுதுறீங்க?" அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபமில்லை, அழுகையில்லை. முடிவு மட்டும் இருந்தது. எழுத்தர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினார். தகவல் கொடுப்பவர், இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு வரி. மைத்துனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, குத்தலாக இல்லாமல் உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "சம்சாரம் இல்லைன்னு கோடு போட்டாச்சு. அப்பறம் நீங்க எப்படி சார் மைத்துனர்?" அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அதற்கு மேல் 'தெரிந்தவர்' என்று எழுதிக்கொடுத்தேன்.