மச்சான்களை மட்டும் உதைத்த அழகமுத்து

அழகமுத்து என்ற பேரை அமராவதி முதன்முதலில் கேட்டது, அவளுடைய அண்ணன் சிவனுவை ரெண்டு பேர் கைத்தாங்கலாகத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொண்ணூற்றிரண்டாம் வருசம். தெஹியோவிட்டப் பக்கம் ரெண்டு ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் உதைபந்து மெட்ச். போகும்போது எண்ணெய் வைத்துத் தலையைப் படிய வாரி, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரிப் போன சிவனு, வரும்போது ஒரு காலைத் தரையில் வைக்காமல் வந்தான். கணுக்கால் பலாப்பிஞ்சு கணக்காக வீங்கியிருந்தது.

"யாருடா இப்பிடிப் பண்ணுனது?" என்று அம்மா கேட்டாள்.

"அழகமுத்துன்னு ஒருத்தன். பந்தை விட்டுட்டு என்னைய ஒதைச்சான்."

"பேருல இருக்கிற அழகுல கொஞ்சம் காலுலயும் இருந்திருக்கலாம்" என்றாள் அமராவதி, அடுப்படியில் நின்றபடியே. இன்னும் நாலைந்து வார்த்தையும் சேர்த்துத்தான் சொன்னாள். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

அந்த வாரம் முடியும் முன்னே அந்த ஆளே வந்து வாசலில் நின்றான். நெட்டை மனுசன். கூரைத் தகரத்தில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். ஒரு கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மற்றக் கையில் சிங்கள வைத்தியரான வெத மாத்தயாவிடம் வாங்கிய ஒரு போத்தல் எண்ணெய்.

"ஏம்ப்பா, எங்க வீட்டுப் பையன்தான் ஒனக்குக் கெடைச்சானா?" என்றாள் அம்மா.

"கோவிச்சுக்காதீங்க அத்தே. மச்சான் முறைன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒதைச்சேன்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் உட்கார்ந்து விளக்கினான். அவன் விளையாடுவது பின்வரிசையில். கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று, வருகிற ஆளை மறிப்பதுதான் வேலை. மறிப்பதென்றால் கால் படத்தான் செய்யும். அதனால் எதிர்ப்பக்கத்துப் பையன்கள் ஒவ்வொருவரும் தனக்கு என்ன முறை என்று கேட்டுக்கொண்டுதான் மைதானத்தில் இறங்குவான். அண்ணன் தம்பி முறையென்றால் சொந்த ரத்தம், கால் நீளாது. மாமன், சித்தப்பன் முறையென்றால் ஒதுங்கி வழி விடுவான். மச்சான் முறைக்காரனைத்தான் கேலி பண்ணலாம், சட்டையைப் பிடிக்கலாம், உதைக்கலாம். உரிமை இருக்கிறதே. தன்னுடைய அப்பாவும் சிவனுவின் அம்மாவும் அண்ணன் தங்கச்சி முறை என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

அம்மா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். கணக்குச் சரியாகத்தான் வந்தது. அவன் போனதும், அடுப்படிப் பக்கம் திரும்பி, "இவன் ஒதைச்சது பந்துக்காக இல்லடி" என்றாள்.

மறு வருசம் கல்யாணம். அழகமுத்துவுக்குத் தாய் தகப்பன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி விஜயகலா ஒருத்திதான். அவளையும் கூட்டிக்கொண்டு அமராவதியின் தோட்டத்துக்கே வந்து, பெயர் பதிந்து, ரப்பர் பால் வெட்டப் போனான். இதற்கெல்லாம் ஓடியாடி வேலை பார்த்தவன் சிவனுதான். கால் இன்னும் சரியாக ஆறாமலே ஓடினான். அழகமுத்துவின் பழைய தோட்டத்தார், "பொண்ணக் குடுத்து எங்க ஆளப் புடிச்சிட்டானுங்க" என்று கல்யாணச் சோற்றில் கை வைக்கும்போதே சொன்னார்கள். அது பொய் என்று சிவனுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு முறை சொல்லும் வேலை அமராவதியிடம் வந்தது. யார் எந்தக் கூட்டம், யார் யாருக்குப் பெண் கொடுத்தது, எவள் ஓடிப்போனது எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மெட்ச்சுக்கு முதல் நாள் அழகமுத்து அடுப்பு முன்னால் வந்து குந்துவான்.

"கங்காணி பேரன் ஒருத்தன் வெளையாடுறானாம். நமக்கு என்ன ஆகணும்?"

"நீங்க பந்து வெளையாடப் போறீங்களா, சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்பாள். ஆனாலும் சொல்லுவாள். "ஒங்களுக்குத் தம்பி முறை. தொட்டுறாதீங்க."

களவானப் பக்கத்திலிருந்து வந்த டீமில் பாதிப் பேர் தம்பி முறையாகப் போய்விட்டார்கள். அன்றைக்கு விழுந்த கோல்களை யாரும் எண்ணவில்லை. இன்னொரு தோட்டத்தில் பூராவும் மச்சான்கள். அந்த டீம் லொறியில் ஏறும்போது ஒருத்தனை ஒருத்தன் தூக்கி ஏற்ற வேண்டி வந்தது. சிங்களப் பொடியன்கள் விளையாடினால் என்ன செய்வது என்று கொஞ்ச நாள் குழம்பினான். அவர்களே மூச்சுக்கு மூச்சு "மச்சாங், மச்சாங்" என்று கூப்பிட்டதால் அந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்தது.

"தங்கச்சி, பெரிய மெட்ச்சு வருது. நாலஞ்சு பேர மச்சானாக்கி விடேன்" என்று சிவனு கெஞ்சுவான்.

"இன்னைக்கு மாத்திச் சொன்னா நாளைக்குக் கல்யாணத்துல வந்து நிக்கும். சும்மா போண்ணே."

தொண்ணூற்றெட்டில், தெஹியோவிட்ட டவுனில் மஹ்ரூப் நாநா தன் துணிக்கடையில் உலகக் கோப்பை பார்க்க டீவி வைத்தார். நோர்வே பிரேசிலைத் தோற்கடித்த மெட்ச்சை மறுநாள் போட்டுக் காட்டினார்கள். நோர்வேயின் பின்வரிசைக்காரர்கள் நெடுநெடுவென்று நின்று, காலுக்கு வந்த பந்தையெல்லாம் வானத்துக்கு அனுப்பினார்கள். "ஒங்கட அழகமுத்து மாதிரியே ஒரு கூட்டம் அங்கயும் ஈக்குது பாருங்க" என்றார் நாநா. அன்றோடு அவன் பேர் 'நோர்வே' ஆகிவிட்டது. பின்னால் நாட்டுச் சண்டையில் சமாதானம் பேச நோர்வேக்காரர்கள் வந்தபோது, லயத்தில் தண்ணிக் குழாயடியில் ரெண்டு பொம்பளைகள் மல்லுக்கு நின்றாலும், "நோர்வேயக் கூப்பிடு" என்று சிரித்தார்கள். அவனும் போய் நடுவில் நிற்பான். நின்று என்ன, பேசத் தெரியாது.

விளையாட்டாக இருந்த இந்த முறைக் கணக்கு, விஜயகலாவின் வாழ்க்கையில்தான் போய் இடித்தது. அவளுக்கு வந்த முதல் சம்பந்தம் களவானப் பக்கம். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த மாப்பிள்ளையின் தம்பி எதிர் டீமில் விளையாட வந்தான். முறைப்படி மச்சான்தான். அழகமுத்து உரிமையோடு உதைத்தான். அந்த வீட்டாருக்கு இவனுடைய கணக்குத் தெரியாது. "பொண்ணு குடுக்குற வீட்டுக்காரன் இப்பிடியா மிதிப்பான்?" என்று எழுந்து போய்விட்டார்கள். அந்தக் கதை தோட்டம் தோட்டமாகப் பரவியது. அதற்குப் பிறகு வருசக்கணக்காக யாரும் பெண் கேட்டு வரவில்லை. விஜயகலா அண்ணன் பந்தடிக்கப் போட்டுப்போகும் சப்பாத்தைக் கழுவிக் காயவைப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ரெண்டாயிரத்து ரெண்டில் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பேர் நிரோஷன். வந்து பார்த்தார்கள், பிடித்தது. வெற்றிலை பாக்கு மாற்ற நாளும் குறித்தார்கள். அதற்கு முந்தின ஞாயிறு மஹ்ரூப் நாநா நடத்திய கப்புக்குக் கடைசி மெட்ச். எதிர் டீம் ஓப்பநாயக்க. முன்வரிசையில் நிரோஷன்.

"அந்தப் பையன் மேல ஒங்க நெகங்கூடப் படக்கூடாது" என்றாள் அமராவதி.

"தங்கச்சியக் கட்டப் போறவன் மச்சான் முறைதானே?"

"தாலி ஏறுனாத்தான் மச்சான். இப்ப மாப்பிள்ளை. மரியாதையா நடந்துக்குங்க."

அவனும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டான். நிரோஷன் பந்தோடு வந்தபோதெல்லாம் பெரிய மனிதர் வந்த மாதிரி ஒதுங்கி நின்றான். ஒரு கோல் விழுந்தது. பின்னால் இன்னொன்றும் விழுந்தது.

"நோர்வே, ஒரு கதிரையப் போடு, மாப்பிள்ளை ஒக்காந்து அடிக்கட்டும்" என்று கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். சிவனு தலையில் கை வைத்துவிட்டான்.

அமராவதிக்கு மட்டும் மனசு குளிர்ந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிரோஷனின் அம்மாவைச் சிரித்தபடி திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு எம் மகன இன்னும் வேத்து ஆளாத்தான் நெனைக்கிறாரா?"

"அய்யோ, என்ன பெரியம்மா இப்பிடிக் கேக்குறீங்க? மரியாதைக்கித்தான்."

"மரியாதையா? மச்சானுங்கள மட்டுந்தான் ஒதைப்பாருன்னு எங்க தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு மொழங்கால்லயே ஒண்ணு கெடைச்சிருச்சு. எம் மகனுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. ஊரே பாத்துச் சிரிக்குது. புடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாம். இனி எந்த மொகத்தோட நாங்க வெத்தலை மாத்துறது?"

அமராவதிக்குக் கணக்கு விளங்கியது. முதல் சம்பந்தம் உதைத்ததால் போனது. இது உதைக்காததால் போகப் போகிறது. பாதி ஆட்டத்துக்கு விசில் ஊதியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் விஜயகலா அங்கே நின்றாள், கையில் தேசிக்காய்த் தண்ணியோடு. அவள் காதிலும் பேச்சு விழுந்திருக்கிறது. கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, எனக்காக ஒரே ஒரு தடவ அவர ஒதைச்சிருங்க" என்றாள்.

அழகமுத்து பெண்சாதியைப் பார்த்தான். "நீதானே மாப்பிள்ளைன்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப மச்சான்னு சொல்றேன்."

"தாலி இன்னும் ஏறலியே."

"ஏறணும்னா ஒதைங்க."

சொல்வது சுலபம். அத்தனை வருசம் தானாக நீண்ட கால், சொல்லி உதை என்றதும் வரவில்லை. முதல் தடவை காற்றை உதைத்தான். ரெண்டாம் தடவை தன் டீம் ஆளையே தட்டிவிட்டான். நிரோஷனும் விசயம் தெரிந்தவன் போல, பந்தை வைத்துக்கொண்டு இவன் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தான். கரையில் விஜயகலா முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றாள். கடைசியில், கோல் கம்பத்துக்குக் கிட்ட, அழகமுத்து கண்ணை மூடிக்கொண்டு காலை வீசினான். சத்தம் மேல் லயம் வரை கேட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நிரோஷன் உருண்டு போய் விழுந்தான்.

நிரோஷன் படுத்தபடியே காலைப் பிடித்துக்கொண்டு, "என்ன மச்சான், இதுக்கு இவ்வளவு நேரமா?" என்றான்.

அவனுடைய அம்மா சேலையை நீவிவிட்டுக்கொண்டு, மறுபடி வந்து உட்கார்ந்திருந்த அமராவதி பக்கம் வெற்றிலைப் பையை நகர்த்தினாள். "பயப்படாதம்மா, எண்ணெய் போட்டாச் சரியாயிரும்" என்றாள்.

விசில் ஊதின மாஸ்டர் பெனால்டி கொடுத்தார். அதை நொண்டிக்கொண்டே போய் அடித்தவன் நிரோஷன். கப்பு ஓப்பநாயக்கவுக்குப் போனது. "கப்பையும் குடுத்து, தங்கச்சியையும் குடுத்துட்டீங்க. வேற என்ன ஈக்குது குடுக்க?" என்றார் மஹ்ரூப் நாநா.

ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை மணவறையைச் சுற்றும்போது லேசாக நொண்டினான். ஒரு மாசமாக அழகமுத்துவோடு பேசாமல் இருந்த சிவனு, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான். மாப்பிள்ளையின் காலைக் குனிந்து பார்த்து, "எனக்கு வீங்குனதுல பாதிகூட இல்லையே. ஒனக்குச் செல்லம் ஜாஸ்தி" என்றான்.

அதற்குப் பிறகும் முழங்கால் தேயும் வரைக்கும் அழகமுத்து விளையாடினான். ஒரு கோல்கூடப் போட்டதில்லை. போட வேண்டுமென்று நினைத்ததும் இல்லை. இந்த ரெண்டாயிரத்து ஒன்பதில் அவன் அதே தோட்டத்து ஸ்டோரில், புகை அறையில் ரப்பர் ஷீட் தொங்கவிடுகிற வேலையில் இருக்கிறான்.