மூலை அறுப்பு

அறுவடை மெஷின் அடைத்துக்கொண்டால் முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும், பிறகு காரணத்தைத் தேட வேண்டும். நான் அன்று காரணத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடினேன்.

எட்டு வருஷம் சவுதியில் லோடர் ஓட்டிவிட்டு முத்துப்பேட்டைக்குத் திரும்பியவன் நான். பஞ்சாபிலிருந்து வந்த ஒரு பழைய மெஷினை வாங்கினேன். கையில் இருந்ததெல்லாம் அதில் போயிற்று. எந்த இரும்பும் எனக்கு அடங்கும் என்ற திமிர் வேறு.

அந்தத் தையில் திருவாரூர்ப் பக்கம் ஒரு மிராசுதாரர் வயலில் எனக்கு முதல் அறுப்பு. மெஷினை விடமாட்டோம் என்று கூலியாட்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். தாலுகா ஆபீசில் பேசிப் பேசி ஒரு முடிவாகியிருந்தது. நடுவயல் மெஷினுக்கு, மெஷின் திரும்ப முடியாத மூலைகள் ஆட்களுக்கு, கூலி நெல்லாக. வயல் முழுக்க அறுத்தவர்களுக்கு நாலு மூலைதான் மிச்சம். ஆனால் அந்த நெல்லை நம்பித்தான் அவர்கள் வீட்டில் உலை வைத்தார்கள்.

விடிந்ததும் மெஷினை வயலில் இறக்கிவிட்டேன். பனி காயட்டும் என்று சொல்ல எனக்குக் கவுரவம் இடம் தரவில்லை. இருபது அடி போவதற்குள் முன்வாயில் கதிர் குவிந்து நின்றது. அதை உள்ளே இழுக்க வேண்டிய சங்கிலி வெறுமனே ஓடியது, பெல்ட் கருகி நாறியது. நிறுத்தி, கொக்கியால் வைக்கோலைப் பிடுங்கிவிட்டு ஓட்டினால் மறுபடியும் அடைப்பு. ஐந்தாம் தடவை உருளையில் சுற்றியிருந்ததை அறுத்து எடுத்தேன். கயிறாக முறுக்கிய வைக்கோல். கதிர்க்கட்டு கட்டுகிற பிரி மாதிரியே இருந்தது.

மெஷின் ரொம்பப் பழசோ என்று கேட்டார் மிராசுதாரர். எனக்குச் சுருக்கென்றது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க. நிக்கிற கதிருக்குள்ள இந்த ஆளுங்க பிரி போட்ட கதிர்க்கட்ட ஒளிச்சு வச்சிருக்காங்க" என்றேன்.

சொல்லும்போது அதை முக்கால்வாசி நம்பினேன். மிச்சக் கால்வாசிதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது.

மூலையில் அறுத்துக்கொண்டிருந்த ஆட்களை நடத்தி வந்தவர் ஓர் அக்கா. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, என் கையிலிருந்ததை வாங்கிப் பிரித்துக் காட்டினார்.

"அரிவாள்ல அறுத்தா தாளு அடியோட வரும் பாய். இதப் பாருங்க, பாதித் தாளுதான் இருக்கு. ஒங்க மெஷினு அறுத்து, அதுவே முறுக்கிக்கிட்டது."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. மெஷின் முழங்கால் உயரத்தில் வெட்டும். அந்த வைக்கோல் முழுக்க அதே குட்டை நீளம். மிராசுதாரர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். மூலை விவகாரமே பிடிக்காமல் இருந்தவருக்கு அது போதும். ஆட்களை அப்போதே வயலை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். அறுத்ததை வரப்போரம் அடுக்கிவிட்டு அவர்கள் போனார்கள். அடுக்காமலே போயிருக்கலாம்.

வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு மூடியைக் கழற்றினேன். சங்கிலி தொய்ந்து கிடந்தது, அதில் கதிரை வாரி இழுக்கிற இரும்புப் பட்டைகளில் இரண்டு வளைந்திருந்தன. மெஷினை வாங்கிய அன்றே கண்ணில் பட்டவைதான். அறுப்பு முடியட்டும் என்று விட்டிருந்தேன். பட்டைகளைத் தட்டி நிமிர்த்தி, சங்கிலி இறுக இரண்டு பக்கப் போல்ட்டையும் ஒரே அளவுக்கு முடுக்கினேன். அப்புறம் கதிர் தடையில்லாமல் உள்ளே போயிற்று. ஆட்கள் போனதும் சரியாகிவிட்டது பார்த்தீர்களா என்றார் மிராசுதாரர். ஆமாம் என்றேன்.

மூலைகளையும் நானே முன்னும் பின்னும் ஆட்டி அறுத்தேன். பாதிக் கதிர் சேற்றில் மிதிபட்டது.

அடுத்த தையில் அதே வயல். மூலைக்கு மிராசுதாரர் ஆட்களைக் கூப்பிடவில்லை. மனசு கேட்காமல் அந்த அக்கா வீட்டைத் தேடிப் போனேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சங்கிலி, பட்டை, நான் முகம் திருப்பியது, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை அவர் கை நிற்கவில்லை.

"எனக்குத்தான் தெரியுமே பாய். எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவருகிட்ட சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லிவிடுவது என்றுதான் வயலுக்குத் திரும்பினேன். மிராசுதாரர் எனக்காகவே காத்திருந்தார். தன் தம்பி நிலத்தையும் மூலையோடு சேர்த்து என்னையே அறுக்கச் சொன்னார். என்றைக்கு வரட்டும் என்று கேட்டேன்.