இடது கைத் துப்பாக்கிக்காரன்

போன வாரம் மகள் என்னைப் பொங்கோலில் ஒரு படத்துக்கு அழைத்துப் போனாள். உளவாளிப் படம். அண்ணன் அரசாங்க உளவாளி, தம்பி எதிரிக் கூட்டத்தில். கடைசியில் தம்பி மனம் மாறி அண்ணனுக்கு வரும் குண்டைத் தன் நெஞ்சில் வாங்குவான் என்று எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அழுதேன், அதை விடுங்கள். பக்கத்தில் யாரோ சோளப்பொரி கொண்டுவந்தார்கள். அதெல்லாம் ஒரு வாசனையா? கச்சாங் பூத்தேக்காரர் தாளைச் சுருட்டிப் போட்டுத் தரும் சூடான கடலைக்கு இருந்ததே, அது வாசனை.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் தஞ்சோங் பகாரில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. குடியிருப்புப் பக்கத்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள். துணிக்கு முன்னால் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் பெஞ்சு. துணிக்குப் பின்னால் புல்தரை, கட்டணம் குறைவு. துறைமுகத்து ஆண்கள் அங்கேதான் உட்காருவார்கள். பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும், எழுத்தைப் படிக்கவே முடியாது. “எழுத்தா சண்டை போடுது?” என்பார் அப்பா.

ஃபிலோ அக்காவுக்குக் கல்யாண வயது. கிடங்கில் வேலை பார்த்த சூசையோடு கோயில் வாசலில் பேசுகிறாள் என்று யாரோ அப்பா காதில் போட்டுவிட்டார்கள். “நெசம்னு தெரிஞ்சுதுன்னா, கப்பலேத்தி ஊருக்கு அனுப்பி அத்தை மவனுக்குக் கட்டிவச்சிருவேன்” என்றார். சொன்னால் செய்கிற மனுஷன். அந்த ஊரை நாங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் திடலில் ஓர் உளவாளிப் படம் வந்தது. அதிலும் அண்ணன் தம்பிதான். அம்மாவும் அப்பாவும் முன்னமே ஆளுக்கொரு நாள் பார்த்துவிட்டார்கள். அக்காவும் நானும் கிளம்பியபோது அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “அக்கா யார்கிட்ட பேசுறான்னு பாத்துட்டு வந்து சொல்லு.” பேசாத பிள்ளை, யாருக்கும் சந்தேகம் வராதாம். வேவு பார்க்க என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாதுதான். பார்த்ததைச் சொல்ல வாய் வராது, அது ஒன்றுதான் குறை.

விளக்கு அணைந்ததும் அக்கா கடலைப் பொட்டலத்தை என் மடியில் போட்டாள். “இதோ வந்துடுறேன்டி.” வரவில்லை. திரைத்துணி தரையைத் தொடாது. மேலே நாயகன் சுடுகிறான், கீழே இடைவெளியில் அக்காவின் சிவப்புச் செருப்பு தெரிகிறது. அதை ஒட்டி ஒரு ஜோடி பூட்ஸ். நான் எதைத்தான் பார்ப்பேன்!

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு பெரிய கவளத்தை வாயில் திணித்துக்கொண்டேன்.

“வாயத் தொறக்குதா பாரு, ஊமைக்கோட்டான். ஃபிலோ, நீ கதையச் சொல்லு, படம் பாத்தியா இல்ல ஊர் சுத்துனியான்னு பாப்போம்.”

அக்கா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். “கடைசியில அண்ணன்காரன் இடது கையால துப்பாக்கிய உருவி, படார்னு...”

பெஞ்சிலிருந்து நான் பார்த்தது வலது கை.

அப்பா தொடையில் தட்டினார். “ஆமா! இடது கைக்காரன்தான். என்னா குறிங்கிறே!” அவர் பிறந்ததிலிருந்து ஒரு படத்தையும் முன்னாலிருந்து பார்த்ததில்லை. அவருக்கு எல்லா நாயகனும் இடது கைக்காரன்.

அம்மாவின் அகப்பை அப்படியே நின்றது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, “மீன் இன்னொரு துண்டு வைக்கவா?” என்றார்.

மறுநாள் துணி காயப்போடும்போது அக்காவிடம் மெல்லச் சொன்னார்: “பின்னால ஒளிஞ்சு உக்காந்தது போதும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவங்க அம்மாவோட வந்து முறையா பொண்ணு கேக்கச் சொல்லு. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்.”

வந்தார்கள். அப்பா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, வேறெதுவும் தோன்றாமல், சூசையிடம் “அந்த உளவாளிப் படம் பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேங்க. இடது கையாலயே என்னமா சுடுறான்!”

“நம்ம ஆளுடி இவன்!” என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவுக்குப் புரையேறியது.

அக்காவும் அத்தானும் இப்போது ஆங் மோ கியோவில் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள். திடலில் அலுவலகக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. பொங்கோலில் படம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, நான் திரையருகே போய் ஓரமாக எட்டிப் பார்த்தேன்.

“என்னம்மா தேடுறீங்க? வாங்க லா, கிளீன் பண்ண வர்றாங்க” என்றாள் மகள்.

திரைக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சுவர். ஒரு செருப்பு நுழையக்கூட இடமில்லை.